பச்சைக் காய்கறியும் அதைத் தொட்ட தண்ணீரும்

கொத்தமல்லிக் கட்டு வாடாமலிருக்க அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். சேலத்தில் சூரமங்கலம் உழவர் சந்தையிலும் அஸ்தம்பட்டியிலும் தாதகாப்பட்டியிலும் இதைப் பார்க்கலாம். வீட்டு வாசலுக்கு வரும் தள்ளுவண்டியிலும் பார்க்கலாம். அந்தத் தண்ணீர் எங்கே பிடித்தது என்று நாம் கேட்பதில்லை. இலை நிமிர்ந்து நிற்கிறதா, தண்டு ஒடித்தால் பட்டென்று ஒடிகிறதா, வெள்ளரிக்காயில் நகம் பதிகிறதா என்றுதான் பார்க்கிறோம். அப்படிப் பார்ப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அவை எல்லாம் காய் பறித்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைச் சொல்லும் சோதனைகள். காய் சுத்தமாக இருக்கிறதா என்பதை அவை சொல்லாது. விடியற்காலையில் பறித்த, பனி ஈரம் காயாத ஒரு கீரைக்கட்டில் நோய்க் கிருமி இருக்கலாம். மூன்று நாள் பழைய, வதங்கிய கேரட்டில் அது இல்லாமலும் இருக்கலாம்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். பச்சைக் காய்கறி சாப்பிடுவதை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. வெங்காயப் பச்சடியும், கோசம்பரியும், அரைத்த புதினாச் சட்னியும், மோரில் மிதக்கும் கொத்தமல்லியும் நம் சாப்பாட்டில் நெடுங்காலமாக இருக்கின்றன. அவற்றோடு இப்போது வெள்ளரி, கேரட், தக்காளி, முள்ளங்கி, முட்டைக்கோஸ், லெட்டூஸ் என்று சாலட் தட்டும் சேர்ந்துவிட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கும் உடல் எடை குறைப்பவர்களுக்கும் மருத்துவர்களே அதைச் சாப்பிடச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நாம் அன்றாடம் சமைக்கும் சாம்பாரிலும் பொரியலிலும் கொதி என்ற ஒரு காவல் இருக்கிறது. காய் எங்கே விளைந்தது, யார் கை பட்டது, எந்தத் தரையில் கிடந்தது என்பதையெல்லாம் கொதிநிலை பெரும்பாலும் சரிசெய்துவிடும். சாலட்டில் அந்தக் காவல் இல்லை. காய்கறி வயலிலிருந்து தட்டு வரை வரும் வழியில் என்னென்ன ஒட்டியதோ அதில் ஒரு பகுதி அப்படியே வயிற்றுக்குள் போகிறது.

எல்லா பாக்டீரியாவும் ஒன்றல்ல

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிட வேண்டும். நன்றாக விளைந்த, யாரும் குறை சொல்ல முடியாத ஒரு கீரை இலையின் ஒரு கிராமில் பல்லாயிரம் முதல் பல லட்சம் பாக்டீரியாக்கள் இருப்பது இயல்பு. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்து இலையின் மேற்பரப்பிலேயே குடியிருப்பவை அவை. பெரும்பாலானவற்றால் நமக்குத் தீங்கில்லை. எனவே "காய்கறியில் லட்சக்கணக்கில் பாக்டீரியா" என்று எங்காவது படித்தால் உடனே மிரள வேண்டியதில்லை. எண்ணிக்கையைவிட, அவை எந்த வகை, எங்கிருந்து வந்தவை என்பதுதான் முக்கியம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அழுகிய தக்காளி, கொழகொழவென்று ஆன முட்டைக்கோஸ் இலை, துர்நாற்றம் வீசும் கீரை இவற்றைக் கண்டதும் ஒதுக்கிவிடுகிறோம். அழுகலை உண்டாக்குபவை காயின் திசுவைக் கரைத்துத் தின்னும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். அவை காயைக் கெடுக்கும். பெரும்பாலும் நம்மைக் கெடுப்பதில்லை. வயிற்றுப்போக்கையும் டைபாய்டையும் தரும் கிருமிகளோ காயின் நிறத்தையோ மணத்தையோ சுவையையோ மாற்றுவதில்லை. ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் ஆபத்தான வகைகளில் ஒன்றான ஓ157, நூறுக்கும் குறைவான செல்களே உள்ளே போனாலும் நோயை உண்டாக்கக்கூடியது. நூறு செல் என்பது எந்த மூக்குக்கும் எட்டாத அளவு. "முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்பது இங்கே உதவாது.

குடலின் அடையாளம்

அப்படியானால் ஒரு காய்கறி மாசுபட்டது என்று ஆய்வகத்தில் எப்படிச் சொல்கிறார்கள்? நோய்க் கிருமிகள் பல வகை: சால்மொனெல்லா, ஷிகெல்லா, காலராவைத் தரும் விப்ரியோ, ஆபத்தான ஈ. கோலை வகைகள், லிஸ்டீரியா. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுவது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை. ஒரு கட்டு கீரையில் அவை மிகக் குறைவாகவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் இருப்பதால் கையில் சிக்காமலும் போகும். அதனால் நேரடியாகக் கிருமியைத் தேடாமல், கிருமி வந்த வழியைக் காட்டிக்கொடுக்கும் ஒன்றைத் தேடுகிறார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்பார்களே, அதுபோல.

புகையாக இங்கே பயன்படுவது ஈ. கோலை. 1885இல் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக் குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டறிந்து விவரித்தார். அவர் பெயரால்தான் அது இன்று எஷெரிக்கியா கோலை என்று வழங்குகிறது. மனிதர்கள், மாடுகள், ஆடுகள், பன்றிகள் என்று வெப்ப ரத்தம் கொண்ட உயிர்களின் குடலே இதன் வீடு. இதன் பெரும்பாலான வகைகள் நம் வயிற்றில் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கின்றன. ஆனால் வெள்ளரிக்காயின் தோலுக்கு அது வர வேண்டிய அவசியமே இல்லை. அங்கே அது இருந்தால், எப்படியோ மலம் அந்தக் காயைத் தொட்டிருக்கிறது என்று பொருள். சாக்கடை கலந்த தண்ணீர், பச்சைச் சாணம், கழுவாத கை, இவற்றில் ஏதோ ஒன்று. ஈ. கோலை வந்த அதே வழியில் டைபாய்டுக் கிருமியும் வந்திருக்கலாம். அதுதான் கவலை.

ஆய்வறிக்கைகளில் கோலிஃபார்ம் என்ற சொல்லும் அடிக்கடி வரும். ஈ. கோலையும் அதன் உறவுக் கிருமிகளும் சேர்ந்த பெரிய குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் சில மண்ணிலும் செடியிலும் இயல்பாகவே வாழ்பவை. அதனால் ஒரு காய்கறியில் கோலிஃபார்ம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு "மலம் கலந்திருக்கிறது" என்று எழுதிவிடக் கூடாது. செய்திகளில் இந்தத் தவறு நிறைய வருகிறது. மண்ணில் உழைத்த விவசாயிக்கும் தெருவில் விற்கும் பெண்ணுக்கும் அது செய்யும் அநியாயம். கோலிஃபார்ம் கிடைத்தால் அடுத்த கட்டமாக ஈ. கோலையைத் தனியே பார்த்த பின்பே பேச வேண்டும்.

எண்ணும் முறை எளிமையானது. 25 கிராம் காய்கறியை எடுத்து, கிருமி நீக்கிய 225 மில்லிலிட்டர் கரைசலில் போட்டுக் கலக்குவார்கள். இது பத்தில் ஒரு பங்கு நீர்ப்பு. அதிலிருந்து ஒரு மில்லிலிட்டரை எடுத்து ஒன்பது மில்லிலிட்டரில் கலந்தால் நூறில் ஒன்று. மறுபடி செய்தால் ஆயிரத்தில் ஒன்று. கடைசிக் கரைசலில் ஒரு மில்லிலிட்டரை அகார் என்னும் கூழ்மத் தட்டில் ஊற்றி ஒரு நாள் முழுக்க 37 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகிப் பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகிவிடும். தட்டில் 84 புள்ளிகள் இருந்தால், அவற்றை ஆயிரத்தால் பெருக்கி, கிராமுக்கு 84,000 என்று கணக்கிடுவார்கள். ஈ. கோலையைப் பிரித்தறியத் தனிச் சாயம் கலந்த அகார் உண்டு. அதில் அதன் புள்ளிகள் உலோகப் பச்சையாக மினுங்கும். கல்லூரி நுண்ணுயிரியல் மாணவர்கள் முதலில் கற்கும் பாடங்களில் இதுவும் ஒன்று. சந்தையில் வாங்கிய கட்டுக் கீரையை வைத்து இந்தச் சோதனையைச் செய்த மாணவருக்கு, அதன்பிறகு கீரையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

வயலிலிருந்து தொடங்கும் வழி

கிருமி காயை அடையும் வழிகளில் முதல் இடம் தண்ணீருக்குத்தான். பச்சையாகச் சாப்பிடும் எந்தக் காயும், அதைக் கடைசியாகத் தொட்ட தண்ணீரைவிடச் சுத்தமாக இருக்க முடியாது. சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தூரத்து உதாரணம் வேண்டாம். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறக்கிறது. மலையில் அது ஓடை. நகருக்குள் வரும்போது வீட்டுக் கழிவும் சாயக் கழிவும் அதில் சேர்கின்றன. அதன்பின் நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிறது. ஒரே ஆறு, தொடங்கும் இடத்துக்கும் நகரைத் தாண்டும் இடத்துக்கும் இடையே முற்றிலும் வேறொன்றாகிவிடுகிறது. இப்படி ஒரு நகரத்தைக் கடந்து வரும் நீரை நெல்லுக்குப் பாய்ச்சுவது ஒரு விஷயம். நெல் உமி நீக்கி வேகவைத்துச் சாப்பிடும் தானியம். அதே நீரைக் கொத்தமல்லிக்கும் முள்ளங்கிக்கும் பாய்ச்சுவது வேறு விஷயம்.

உலகச் சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பச்சையாகச் சாப்பிடும் பயிர்களுக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சினால், 100 மில்லிலிட்டரில் மலவழிக் கோலிஃபார்ம் 1,000க்கு மேல் இருக்கக் கூடாது என்று அளவு வைத்தது. குடிநீருக்கு அந்த நிறுவனம் வைத்திருக்கும் அளவு, 100 மில்லிலிட்டரில் ஈ. கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் குடிக்கத் துணியாத நீர் பயிருக்குப் போகும் என்பதை அந்த நிறுவனமே ஏற்றுக்கொள்கிறது. ஏனென்றால் வெயிலும், ஈரம் உலர்வதும், கடந்துபோகும் நாட்களும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். கடைசிப் பாசனத்துக்கும் அறுவடைக்கும் இடையே நாட்கள் கிடைத்தால் நிலைமை வெகுவாக மேம்படும். ஆனால் காலையில் விற்க வேண்டிய கீரைக்கு முதல்நாள் மாலையில் தண்ணீர் விடுவதுதான் வழக்கம். அப்போதுதான் எடை நிற்கும். இங்கே சொட்டுநீர்ப் பாசனம் பெரிய உதவி. அது வேருக்கு மட்டும் நீர் தருகிறது, இலையை நனைப்பதில்லை. சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு இதற்கு முழு மானியம் தருகிறது. தண்ணீர்ச் சிக்கனத்துக்காகவே இதைப் பேசுகிறோம். பச்சைக் காய்கறிக்கு இது ஒரு சுகாதார ஏற்பாடும்கூட என்பதை யாரும் சொல்வதில்லை.

அடுத்தது எரு. "ரசாயனம் போடவில்லை, வெறும் மாட்டெருதான்" என்று சொல்லி விற்கும் காயை நாம் நம்பிக்கையோடு வாங்குகிறோம். பூச்சிமருந்து இல்லாதது நல்லதே. ஆனால் சாணம் மக்கியிருக்க வேண்டும். குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறி, பல நாட்கள் நீடித்து, புரட்டிப்போட்டு மக்க வைத்த எருவில் கிருமிகள் அழிந்திருக்கும். நேற்றைய சாணத்தை இன்று கரைத்து ஊற்றினால் அழியாது. மண்ணைத் தொட்டு விளையும் பயிருக்குப் பச்சைச் சாணம் போட்டால், அறுவடைக்குக் குறைந்தது 120 நாட்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி. கீரையோ முப்பது நாளில் அறுவடையாகிவிடும் பயிர்.

மலைக் காய் என்றால் சுத்தம் என்றொரு எண்ணமும் நம்மிடம் உண்டு. ஏற்காட்டின் காற்றையும் குளிரையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மலையிலும் மாடு மேய்கிறது, காட்டெருமை இறங்குகிறது, குரங்கு திரிகிறது. ஓடைக்கு மேலே வீடுகள் இருக்கின்றன. 2006இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் விளைந்த பசலைக்கீரையால் ஏறத்தாழ இருநூறு பேர் நோயுற்றார்கள். நோயாளிகளிடம் கண்ட அதே வகை ஓ157 கிருமி, அந்த வயலை ஒட்டிய மேய்ச்சல் நிலத்து மாடுகளின் சாணத்திலும் காட்டுப்பன்றிகளிடமும் கிடைத்தது. 2018இல் அரிசோனாவின் யூமா பகுதி லெட்டூஸால் இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, கிருமி பாசனக் கால்வாய் நீரில் கிடைத்தது. இவ்வளவு வசதியுள்ள நாட்டில் நடந்தது இது. வெளித்தோற்றத்தை வைத்து எந்த நிலத்தையும் சுத்தம் என்று முடிவு செய்ய முடியாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

வயலைத் தாண்டிய பின் சந்தை. சாக்கு, கூடை, வேன் தரை, சந்தைத் தரை. ஒரு கூடையில் வந்த ஈரம் அடுத்த கூடைக்குப் பரவுகிறது. நீலகிரியிலிருந்து வரும் கேரட் இயந்திரத்தில் கழுவித்தான் வருகிறது. அந்தக் கழுவும் நீர் நன்றாக இருந்தால் கேரட் பிழைத்தது. தொட்டியில் தேங்கிய நீரிலேயே மூட்டை மூட்டையாகக் கழுவினால், ஒரு மூட்டையின் அழுக்கு எல்லா மூட்டைக்கும் பங்கிடப்படும். தக்காளியில் இன்னும் நுட்பமான ஒன்று நடக்கிறது. வெயிலில் சூடான தக்காளியைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்பு ஒடிந்த வடு வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீரில் கிருமி இருந்தால் அதுவும் உள்ளே போகும். அதன்பின் வெளியே எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பயனில்லை. சூடான தக்காளியை முதலில் நிழலில் ஆறவிட்டு, ஓடும் நீரில் கழுவ வேண்டும் என்பது இதனால்தான்.

உழவர் சந்தைகளில் எனக்கு ஒரு ஆசை உண்டு. 1999 நவம்பர் 14இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது நோக்கம் இடைத்தரகர் இல்லாத விலை. அது நிறைவேறியது. கடைகளுக்கு நடுவே குளோரின் கலந்த நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று, "காய் மீது தெளிக்க இந்தத் தண்ணீர் மட்டும்" என்ற பலகையோடு இருந்தால், பெரிய செலவில்லாமல் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பயன் கிடைக்கும். வாங்குகிறவர்களும் கேட்கலாம். "அக்கா, இது எந்தத் தண்ணீர்?" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை, நாலு பேர் தொடர்ந்து கேட்டால் வாளித் தண்ணீர் மாறும்.

நறுக்கிய பின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது

முழு வெள்ளரிக்காயின் தோல் ஒரு நல்ல கவசம். அதன்மேல் விழுந்த பாக்டீரியாவுக்கு உணவு கிடைக்காது, காய்ந்து சாகும். கத்தி பட்டதும் கவசம் போய்விடுகிறது. தோலில் இருந்தது உள்ளே இழுக்கப்படுகிறது, சாறு கசிகிறது, சாற்றில் சர்க்கரையும் ஈரமும் இருக்கின்றன. துருவினால் இன்னும் அதிகம், ஏனென்றால் காயின் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது.

உகந்த சூழலில் ஈ. கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். துருவிய காயில் அவ்வளவு வேகம் இருக்காது என்றே வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒருமுறை என்று கணக்கிடுவோம். மதியம் இரண்டு மணிக்குத் துருவிய பாத்திரத்தில் நூறு பாக்டீரியாக்கள் இருந்தால், மாலை ஏழு மணிக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்.

சேலத்தில் இதைச் சொல்லும்போது தட்டுவடை செட்டைத் தவிர்க்க முடியாது. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், பச்சைச் சட்னி, காரச் சட்னி. மாலையானால் இந்த ஊரின் தெருக்களில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை, எனக்கும் மிகவும் பிடிக்கும். அதில் தட்டுவடை எண்ணெயில் பொரிந்தது, ஈரமற்றது; அதைப் பற்றிக் கவலையே இல்லை. கவனிக்க வேண்டியவை துருவலும், பச்சையாக அரைத்த மல்லி, புதினாச் சட்னியும். காயை வண்டியிலேயே, வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் துருவுகிற கடை நல்ல கடை. பாத்திரம் மூடியிருக்க வேண்டும். துருவலைக் கையால் அள்ளாமல் கரண்டியாலோ இடுக்கியாலோ எடுப்பதும், காசு வாங்கும் கையும் பரிமாறும் கையும் வேறாக இருப்பதும் நல்ல அடையாளங்கள். நிறைய வண்டிகளில் இப்போது கணவன் காசு வாங்க, மனைவி பரிமாறுகிறார். தெரிந்தோ தெரியாமலோ இது மிகச் சரியான ஏற்பாடு. ஏற்காட்டில் ஏரியோரம் விற்கும் மாங்காய்க் கீற்றுக்கும் வெள்ளரித் துண்டுக்கும் இதே பார்வைதான். கண்ணெதிரே நறுக்கித் தந்தால் வாங்கலாம். வாளி நீரில் ஊறிக் கிடப்பதை வாங்க வேண்டாம். எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. புளிப்பு, வளர்ச்சியைச் சற்று மட்டுப்படுத்தும். இருப்பதைக் கொன்று தீர்க்காது.

முளைகட்டிய பயறு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆரோக்கிய உணவு என்ற பெயரில் வீட்டுக்கு வீடு இப்போது முளைகட்டிய பயறு வந்துவிட்டது. பயறு முளைக்க என்ன வேண்டும்? ஈரம், வெதுவெதுப்பு, இரண்டு நாள் அவகாசம். பாக்டீரியா பெருகவும் அதே மூன்றும் போதும். விதையின் தோல் மடிப்பில் ஒளிந்திருக்கும் சில கிருமிகள், முளை விடும் நேரத்துக்குள் கோடிகளாகிவிடும்.

1996இல் ஜப்பானின் சகாய் நகரில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஓ157ஆல் நோயுற்றார்கள்; பள்ளி உணவில் இருந்த முள்ளங்கி முளைகள்மீதே சந்தேகம் விழுந்தது. 2011இல் ஜெர்மனியில் இன்னும் கொடுமையான ஒன்று நடந்தது. ஏறத்தாழ நாலாயிரம் பேர் நோயுற்று, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; நூற்றுக்கணக்கானோருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மீது பழி போட்டார்கள். அந்த விவசாயிகள் விற்க முடியாமல் காய்களைக் கொட்டினார்கள். கடைசியில் தேடிப் பிடித்தபோது, வெந்தய முளைதான் காரணம் என்று தெரிந்தது. ஆம், நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம். முளையைக் கழுவுவதால் போதிய பலன் இல்லை. ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்துச் சுண்டலாகத் தாளித்துச் சாப்பிடுவதே பாதுகாப்பு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சை முளை கொடுக்கவே வேண்டாம்.

கழுவுதல்: எவ்வளவு உதவும், எவ்வளவு உதவாது

நல்ல நீரில் கவனமாகக் கழுவினால் பாக்டீரியா எண்ணிக்கையில் ஒரு பூஜ்யம் குறையும். மிஞ்சினால் இரண்டு பூஜ்யம். ஒரு லட்சம் இருந்தது ஆயிரமாகும். இது சிறிய விஷயமில்லை. ஆனால் அது பூஜ்யமாகிவிடாது. 70 டிகிரி வெப்பம் காயின் நடுப்பகுதி வரை இரண்டு நிமிடம் இருந்தால், இந்தக் கிருமிகளில் பத்து லட்சத்துக்கு ஒன்றுதான் மிஞ்சும். கழுவுவதற்கும் வேகவைப்பதற்கும் உள்ள தூரம் இவ்வளவு. காரணம், பாக்டீரியாக்கள் இலையின் மடிப்பிலும் வெட்டுப்பட்ட ஓரத்திலும் இலைத்துளைகளிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன. தங்களைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு படலத்தையும் உண்டாக்கிக்கொள்கின்றன. தண்ணீர் அந்த இடங்களுக்கு எட்டுவதில்லை.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயை நறுக்கும் முன்பு கழுவ வேண்டும், நறுக்கிய பின்பு இல்லை. தோல் சீவப் போகிறீர்கள் என்றாலும் கழுவிவிட்டே சீவுங்கள். வெள்ளரி, கேரட், முள்ளங்கியைக் குழாயடியில் கையால் அல்லது அதற்கென்றே வைத்த தூரிகையால் தேய்க்கலாம். முட்டைக்கோஸ், லெட்டூஸின் வெளி இலைகள் இரண்டு மூன்றை எறிந்துவிட்டு, மீதியை இதழ் இதழாகப் பிரித்துக் கழுவ வேண்டும். கொத்தமல்லி, புதினாவுக்குக் கட்டை அவிழ்த்து, வேரை வெட்டி, அகலமான பாத்திரத்து நீரில் அலசி, நீரை ஊற்றிவிடாமல் கீரையைத் தூக்கி வெளியே எடுங்கள். ஊற்றினால் அடியில் படிந்த மண் மறுபடி கீரைமேலேயே வரும். மூன்று தண்ணீர் மாற்றினால் நல்லது. கடைசியாகச் சுத்தமான துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றியெடுங்கள். கடைசித் தண்ணீர் நாம் குடிக்கத் தயங்காத தண்ணீராக இருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

உப்புநீரில் ஊறவைத்தால் புழுவும் பூச்சியும் வெளியே வரும். காலிஃபிளவருக்கு அது நல்ல வழி. அந்த உப்பு பாக்டீரியாவைக் கொல்லும் அளவுக்குக் கடுமையானது இல்லை. மஞ்சள் தூளின்மீதும் இந்த விஷயத்தில் நம்பிக்கை வைக்க வேண்டாம். வினிகர் கலந்த நீர் கொஞ்சம் உதவும். பாத்திரம் கழுவும் சோப்பைக் காயில் பயன்படுத்தவே கூடாது, காயின் நுண்துளைகளில் தங்கிவிடும். பெரிய சமையலறைகளில் அளந்து கலந்த குளோரின் நீரில் காயை அமிழ்த்தி, பின் நல்ல நீரில் அலசுகிறார்கள். அங்கே குளோரினின் முக்கிய வேலை, ஒரு காயின் கிருமி தொட்டி நீர் வழியாக அடுத்த காய்க்குப் போகாமல் தடுப்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியோ கோழியோ வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்கிப் பச்சடி செய்வது, சந்தைக் கிருமி எதுவும் தேவையில்லாமலே நோயை வரவழைக்கும். பலகையையும் கத்தியையும் பச்சைக் காய்க்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கிய சாலட்டை உடனே சாப்பிடுங்கள், அல்லது ஐந்து டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டியில் மூடி வையுங்கள். குளிரில் பெரும்பாலான கிருமிகள் தூங்கும். லிஸ்டீரியா மட்டும் அங்கேயும் மெல்ல வளரும். கர்ப்பிணிகளுக்கு அது கருவையே பாதிக்கக்கூடியது என்பதால், அவர்கள் நேற்று நறுக்கிய சாலட்டைத் தொடக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், வயதானவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள் இவர்களுக்கெல்லாம் காயை லேசாக ஆவியில் காட்டித் தருவதே நல்லது. சத்து கொஞ்சம் போனாலும் போகட்டும்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்

உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்க வேண்டும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து கிடப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். மருந்துக் கடையில் நாமே கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது இங்கே இரட்டை ஆபத்து. நச்சு உண்டாக்கும் ஈ. கோலை வகைகளில் சில ஆன்டிபயாட்டிக்குகள் சிறுநீரகப் பாதிப்பைக் கூட்டக்கூடும். அதோடு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நம் குடலில் தேறி, சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போய், பாசன நீராகித் திரும்பவும் காய்கறிக்கே வருகின்றன.

மருத்துவர் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் நாம் நேற்றிரவுச் சாப்பாட்டைச் சொல்வோம். ஓ157 தொற்றினால் நோய் தெரிய மூன்று நான்கு நாட்கள் ஆகும். டைபாய்டு என்றால் ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும். எனவே சென்ற வாரத் திருமண விருந்தின் பச்சடியையும், ஏற்காட்டில் வாங்கிய வெள்ளரித் துண்டையும், வீட்டில் முளைகட்டிய பயறையும் சேர்த்தே சொல்லுங்கள்.